கன்றின் குடல்: முதல் ஆறு மணி நேரமும் முதல் எட்டு வாரமும்

பசுவின் கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஏறக்குறைய இல்லை. மனிதக் குழந்தையின் நிலை இதுவன்று. குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே அதன் இரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி வேறு விதமானது. தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவே பல அடுக்குத் திசுக்கள் நிற்கின்றன. சத்தும் ஆக்சிஜனும் அந்த அடுக்குகளைக் கடக்கும். இம்யூனோகுளோபுலின் எனப்படும் பெரிய எதிர்ப்புப் புரதங்கள் கடப்பதில்லை. கருவில் கொடுக்க முடியாததைப் பசு மடியில் சேர்த்து வைத்து, ஈன்ற பிறகு முதல் பாலில் கொடுக்கிறது. அந்தப் பாலே சீம்பால்.

பிறந்த நாள் தொடங்கி ஏறத்தாழ எட்டு வாரத்துக்குள் கன்றின் குடலில் மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குடலில் குடியேற வேண்டும். தாய் கொடுத்த எதிர்ப்பு கரைந்து போவதற்குள் கன்று தன் சொந்த எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று பிந்தினால் மற்றவற்றையும் அது பாதிக்கிறது.

பினாங்கின் மாடுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாயான் பாரு இன்று அடுக்குமாடி வீடுகளும் சந்தையும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. 1970களில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் இந்த நகரை எழுப்புவதற்கு முன் இங்கே நெல்வயல்களும் தென்னையும் இருந்தன. தீவில் நிலம் சுருங்கிவிட்டதால், பினாங்கு மாநிலத்தின் கறவை மாடுகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்கப் பாலத்தைக் கடந்து பெருநிலப் பக்கம், செபராங் பிறைக்குப் போக வேண்டும்.

மலாயாவின் பால் தொழில் தமிழர் வரலாற்றோடு பின்னியது. தோட்டத்து வேலைக்கு வந்த குடும்பங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்தன. பால் ஊற்றி வந்த காசு சம்பளத்துக்குத் துணையாக இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த பல இனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவான மாட்டுக்கு மலேசியக் கால்நடைத் துறையினரின் ஏடுகளில் இன்றும் ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’ என்றே பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்ஐடி என்பார்கள். பிறகு பால் அளவைக் கூட்டுவதற்காகப் பிரீசியன், சாகிவால் ஆகிய இனங்கள் கலந்த மாடுகள் வந்தன. அந்தக் கலப்பிலிருந்து மலேசியாவிலேயே தேர்ந்தெடுத்து வளர்த்த மாடு மாஃப்ரிவால். மலேசியா, பிரீசியன், சாகிவால் ஆகிய மூன்று சொற்களின் துண்டுகள் சேர்ந்த பெயர் அது.

பிரீசியன் இரத்தம் கூடக் கூடப் பாலும் கூடுகிறது, வெயிலைத் தாங்கும் திறன் குறைகிறது. இதன் விளைவு கன்றுவரை போகிறது. சினையின் கடைசி வாரங்களில் தாய் வெப்பத்தால் வாடினால் கன்று எடை குறைந்து பிறக்கிறது. சீம்பாலிலிருந்து எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சும் திறனும் அந்தக் கன்றுக்குக் குறைவு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஆண்டு முழுவதும் புழுக்கம் நீங்காத பினாங்கில், பால் வற்றிய சினைப்பசுவுக்கு நிழலும் காற்றும் குளிர்ந்த நீரும் கொடுப்பது பிறக்கப்போகும் கன்றுக்குச் செய்யும் முதல் பராமரிப்பு.

சீம்பாலும் குடலின் வாசலும்

ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பே தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் மடிக்கு இறங்கத் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஐஜிஜி என்ற வகை. சீம்பாலில் ஐஜிஜி மட்டும் இல்லை. உயிருள்ள வெள்ளையணுக்கள், கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் லாக்டோஃபெரின், லைசோசைம் ஆகிய புரதங்கள், குடற்சுவரை வளர்க்கும் ஹார்மோன்கள், வைட்டமின் ஏ, நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள், குளிர் தாங்க உதவும் கொழுப்பு எல்லாம் அடர்ந்து இருக்கின்றன.

கன்றுகளுக்குச் சீம்பாலின் அருமையைச் சோதனை செய்து நிறுவியவர்கள் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் ஆகிய இருவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ராக்பெல்லர் நிறுவனத்தில் அவர்கள் கன்றுகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சீம்பால் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்தன, ஈ.கோலை பாக்டீரியா அவற்றின் உறுப்புகளுக்குள் பரவியிருந்தது. இந்த ஆய்வு 1922இல் வெளியானது. நூறாண்டு கடந்தும் அதன் முடிவை மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

பிறந்த கன்றின் சிறுகுடல் உயிரணுக்கள் தம்மைத் தொடும் புரதங்களை அப்படியே விழுங்கி மறுபக்கம் இரத்தத்தில் விடுகின்றன. இந்தத் திறன் நிலையானதன்று. பிறந்த முதல் சில மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு விரைந்து சரியும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுவிடும். பழைய உயிரணுக்கள் உதிர்ந்து, புரதத்தை முழுதாக விழுங்கத் தெரியாத புதிய உயிரணுக்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். இதைக் குடலின் வாசல் அடைபடுதல் என்பார்கள். அடைபட்ட பின் எவ்வளவு நல்ல சீம்பால் கொடுத்தாலும் அது குடலின் உட்பரப்பைக் காக்குமே தவிர, இரத்தத்தில் சேராது.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 40 கிலோ எடையுள்ள கன்று ஒன்று. நல்ல சீம்பால் என்பது லிட்டருக்கு 50 கிராம் ஐஜிஜி உள்ளது. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் 4 லிட்டர் கொடுத்தால் வயிற்றுக்குள் போகும் ஐஜிஜி 200 கிராம். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு, அதாவது 60 கிராம், இரத்தத்தை எட்டுகிறது என்று கொள்ளலாம். கன்றின் இரத்தத் திரவம் அதன் எடையில் சுமார் 9 விழுக்காடு, 3.6 லிட்டர். ஆக லிட்டருக்கு 16 கிராமுக்குச் சற்று மேல் சேர்கிறது. நீண்ட காலமாக 10 கிராமே குறைந்தபட்ச எல்லை; இந்தக் கன்று அதைத் தாண்டிவிட்டது. இதே கன்றுக்கு 2 லிட்டர் மட்டும் கொடுத்தால் 8 கிராமோடு நின்றுவிடும். பாலின் அளவு பாதியானபோது கன்று பாதுகாப்பு எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. எல்ஐடி கன்றுகள் சிறியவை. அவற்றுக்கு 4 லிட்டர் வேண்டியதில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் முறை, அதன் பிறகு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இரண்டாம் முறை என்பது எல்லா இனத்துக்கும் பொருந்தும் அளவு.

சீம்பாலின் தரத்தைக் கண்ணால் மட்டும் கணிக்க முடியாது. கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருப்பது நல்ல அறிகுறிதான் என்றாலும் அது போதாது. பழச்சாற்றில் சர்க்கரை அளக்கப் பயன்படும் பிரிக்ஸ் கருவி இங்கே கைகொடுக்கிறது. கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுச் சீம்பாலை விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். கோடு 22இல் அல்லது அதற்கு மேல் நின்றால் அது முதல் முறை கொடுக்கத் தகுந்த சீம்பால். பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஈன்ற பின் கறப்பது பிந்தப் பிந்த இந்த அளவு குறைந்துகொண்டே போகும். ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகினாலும் குறையும்.

நுண்ணுயிர்களின் குடியேற்றம்

கன்று பிறப்பு வழியில் வரும்போதும், தாய் நக்கும்போதும், மடியைத் தேடி முட்டும்போதும், கொட்டகைத் தரையைத் தொடும்போதும் நுண்ணுயிர்கள் அதன் வாய்க்குள் போகின்றன. முதல் நாளில் வயிற்று அமிலச் சுரப்பு மிகக் குறைவு என்பதால் அவை தடையின்றிக் குடலுக்கு இறங்குகின்றன. அப்போது குடலில் ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்த ஈ.கோலை, என்டிரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியவை முதலில் பெருகுகின்றன. அவை ஆக்சிஜனைத் தீர்த்த பிறகு, ஆக்சிஜன் ஆகாத பைஃபிடோபாக்டீரியம், பாக்டீராய்டிஸ் முதலியவை வந்து சேர்கின்றன, லாக்டோபேசில்லஸும் பெருகுகிறது. பால் குடிக்கும் வாரங்களில் குடலின் பின்பகுதியில் ஃபீகலிபாக்டீரியம் என்ற இனம் ஓங்குகிறது. இந்த இனம் மிகுதியாக உள்ள கன்றுகளுக்கு எடை கூடுவதும் கழிச்சல் குறைவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அது உண்டாக்கும் பியூட்ரிக் அமிலமே பெருங்குடல் உயிரணுக்களின் முக்கிய எரிபொருள்.

குடியேற்றத்தின் வரிசையைச் சீம்பால் திருத்துகிறது. சீம்பாலிலுள்ள சிறு சர்க்கரைச் சங்கிலிகள் பைஃபிடோபாக்டீரியங்களுக்கு உணவு; ஈ.கோலைக்கு அவற்றால் அவ்வளவு பயனில்லை. 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் சூடாக்கிய சீம்பாலைக் குடித்த கன்றுகளின் சிறுகுடலில் முதல் 12 மணி நேரத்திலேயே பைஃபிடோபாக்டீரியம் கூடி, ஈ.கோலை குறைந்திருந்தது. அந்த வெப்பத்தில் தீய கிருமிகள் பெருமளவு அழிகின்றன, ஐஜிஜி சிதைவதில்லை. வெப்பம் அதற்கு மேல் போனால் புரதம் கெட்டுச் சீம்பால் கட்டிதட்டிவிடும். சீம்பாலை 12 மணி நேரம் தள்ளிப்போட்டபோது எதிர்ப்புப் புரதம் குறைந்ததோடு நுண்ணுயிர்க் குடியேற்றமும் பிந்தியது.

இந்த இடத்தில் சீம்பாலின் அளவைப் போலவே அதன் சுத்தமும் முக்கியம். குடலில் கிருமிகள் முந்திக்கொண்டால் அவை எதிர்ப்புப் புரதங்களோடு பிணைந்தும், குடல் உயிரணுக்களை ஆக்கிரமித்தும் உறிஞ்சலைக் குறைக்கின்றன. கறந்த சீம்பாலை வாளியில் மூடாமல் வைத்தால், பினாங்கின் வெப்பத்தில் பாக்டீரியாக்கள் வெகுவிரைவில் பெருகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் ஆறு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரம் ஆகும். காலையில் கறந்த சீம்பாலை மதியம் கொடுக்கும் பழக்கம் அதனால்தான் தீங்கானது. உடனே கொடுக்க முடியாதபோது மூடிய பாட்டிலில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். உறைய வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். உறைந்ததை வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி உருக்குவதே முறை. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அது வெறும் உணவாகிவிடும், பாதுகாப்பு போய்விடும்.

கன்று தானே உண்டாக்கும் எதிர்ப்பு

தாய் கொடுத்த ஐஜிஜி மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ பாதியாகிறது. கன்று தன் எதிர்ப்புப் புரதத்தைப் போதிய அளவில் உண்டாக்க வாரங்கள் பிடிக்கின்றன. ஒன்று இறங்கி மற்றது ஏறும் இடைவெளி இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை விழுகிறது. கொட்டகைகளில் கன்றுகள் அதிகம் நோய்ப்படுவதும் இந்தக் காலத்தில்தான்.

எதிர்ப்பைக் கற்கும் பள்ளி குடற்சுவரிலேயே இருக்கிறது. சிறுகுடலின் நீளத்தில் பேயர் திட்டுகள் என்ற நிணத் திசுக்கள் அமைந்துள்ளன. கன்றின் சிறுகுடல் முடிவில் இந்தத் திட்டு நீண்ட பட்டையாக ஓடுகிறது. இளங்கன்றுக்கு எதிர்ப்புப் புரதம் செய்யும் பி அணுக்கள் பெருகி வேறுபடும் இடம் அது. மாடு வளர்ந்த பின் அந்தப் பட்டை சுருங்கி மறைந்துவிடும். மேலே உள்ள சிறு திட்டுகள் வாழ்நாள் முழுதும் இருக்கும். திட்டுகளின் மேற்பரப்பில் உள்ள எம் அணுக்கள் குடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் சிலவற்றைப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து, எது கூட வாழத் தகுந்தது, எது விரட்டத் தகுந்தது என்று எதிர்ப்பணுக்கள் பழகுகின்றன. பழகியதன் விளைவாகச் சுரக்கும் ஐஜிஏ என்ற புரதம் குடலின் சளிப்படலத்தில் பரவி, கிருமிகள் சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது.

கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த விலங்குகளில் இந்தத் திசுக்கள் வளராமல் குன்றிக் கிடக்கின்றன. நுண்ணுயிர் இல்லாமல் எதிர்ப்பு வளராது. எதிர்ப்பு இல்லாமல் நுண்ணுயிர் கட்டுக்குள் நிற்காது. அதனால் குறைந்த அளவில், சரியான வரிசையில், தாய் கொடுத்த பாதுகாப்பு இருக்கும்போதே நுண்ணுயிர்களைச் சந்திப்பது கன்றுக்கு நல்லது. இரண்டாம் மூன்றாம் நாள் பாலிலும் எதிர்ப்புப் புரதங்கள் கணிசமாக உள்ளன. அவை இரத்தத்தில் சேராவிட்டாலும் குடலுக்குள் நின்று கிருமிகளை மடக்குகின்றன. அந்தப் பாலைக் கன்றுக்கே விடுவது வீணாகாது.

கழிச்சலும் கன்றின் வயதும்

கழிச்சல் எந்த வயதில் வந்தது என்பதே காரணத்தை ஊகிக்க முதல் தடயம். முதல் நான்கைந்து நாளில் நீராகக் கழிந்து கன்று துவண்டால் ஈ.கோலையின் எஃப்5 வகையை நினைக்க வேண்டும். பழைய பெயர் கே99. அது குடற்சுவரில் ஒட்டி நச்சைச் சுரந்து, உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் இழுத்துவிடுகிறது. வயது கூடும்போது ஒட்டுமிடங்கள் மறைவதால் பிறகு அதன் தொல்லை குறைகிறது. முதல் இரண்டு வாரங்களில் ரோட்டா வைரஸ் குடல் உறிஞ்சிகளின் நுனியைச் சிதைக்கிறது. செரிக்காத பாற்சர்க்கரை நீரை இழுக்கிறது. கொரோனா வைரஸில் மாட்டுக்குரிய வகை பெருங்குடலையும் தாக்கும். ஒன்று முதல் நான்கு வாரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வரும். அதன் முட்டைப்பை குளோரினுக்கும் அசையாது. மனிதருக்கும் தொற்றும் என்பதால் கன்றைக் கவனித்தவர் சோப்பால் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது. மூன்று வாரத்துக்குப் பிறகு இரத்தம் கலந்த கழிச்சல் வந்தால் காக்சிடியாவைச் சந்தேகிக்கலாம். வெப்ப நாடுகளில், குறிப்பாக எருமைக் கன்றுகளுக்கு, தாய்ப்பால் வழியாகவே டாக்சோகாரா என்ற பெரிய உருண்டைப்புழு வருகிறது. இரண்டாம் வாரத்திலேயே மருத்துவர் சொல்லும் புழு மருந்தைக் கொடுப்பதன் நியாயம் அதுதான்.

கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமியன்று, நீரிழப்பு. குடல் சிதைந்திருந்தாலும் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சும் வழி திறந்தே இருக்கும். அதனால் கன்றுக்குரிய உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பால் வேளைகளுக்கு நடுவே கொடுப்பதே முதல் மருந்து. பாலை நிறுத்துவது பழைய வழக்கம். நிறுத்தினால் கன்று பட்டினியால் மேலும் தளரும். வைரஸும் ஒட்டுண்ணியும் உண்டாக்கும் கழிச்சலில் ஆன்டிபயாடிக் ஊசி பயன் தராது. அப்போதுதான் நிலைபெறும் நல்ல நுண்ணுயிர்களை அது கலைத்துவிடும். மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலைக் கன்றுக்கு ஊற்றுவதும் இதே தீமையைச் செய்யும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். காய்ச்சல், சோர்வு, இரத்தம் ஆகியவை சேர்ந்தால் மருத்துவரை அழைத்து, சாண மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 1948 முதல் ஈப்போவில் இயங்கும் கால்நடை ஆய்வுக் கழகம் மலேசியாவில் கால்நடை நோய் கண்டறியும் பணியில் முதன்மையான நிறுவனம்.

அசைபோடும் வயிறு உருவாதல்

பிறந்த கன்றுக்கு நான்கு வயிறும் உண்டு என்றாலும் வேலை செய்வது நான்காவது மட்டுமே. கன்று தலையை உயர்த்திக் காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள பள்ளம் குழாயாக மடிந்து, பாலை நேரே நான்காம் வயிற்றுக்கு அனுப்புகிறது. வாளியில் முகத்தை அமுக்கி வேகமாகக் குடிக்க வைத்தால் பால் முதல் வயிறான பெருவயிற்றில் சிந்திப் புளித்துவிடும். ரப்பர் காம்பு உள்ள பாட்டில் நல்லது என்பது இதனால்தான்.

பெருவயிற்றில் நார் செரிக்கும் பாக்டீரியாக்களும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் முதல் சில நாட்களிலேயே தென்படுகின்றன. அவற்றுக்கு வேலை கொடுக்கத் தீவனம் தேவை. முதல் வாரத்திலிருந்தே கைப்பிடி அளவு கன்றுத் தீவனமும் சுத்தமான தண்ணீரும் வைத்தால், தானியம் நொதித்து உண்டாகும் பியூட்ரிக் அமிலமும் புரோப்பியானிக் அமிலமும் வயிற்றுச் சுவரில் விரல் போன்ற நீட்சிகளை வளர்க்கின்றன. வைக்கோலும் புல்லும் வயிற்றின் தசையை வலுப்படுத்துகின்றன. செம்பனைப் புண்ணாக்கு மலேசியாவில் மலிவாகக் கிடைத்தாலும் நார் மிகுந்தது. பெருவயிறு வளராத கன்றுக்கு அதுவே முழுத் தீவனமாகாது. புரோட்டோசோவா என்ற ஓரணு உயிர்கள் மற்ற மாடுகளின் எச்சில் வழியேதான் வந்து சேரும். கன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தின்றால் பாலை மெல்ல மெல்ல நிறுத்தலாம். எட்டு வார வயது இதற்கு ஏற்றது. திடீரென நிறுத்தினால் நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலைந்து மீண்டும் கழிச்சல் வரும்.

கொட்டகையில் செய்ய வேண்டியவை

ஈற்றுக்கொட்டில் காய்ந்ததாகவும் புது வைக்கோல் பரப்பியதாகவும் இருக்க வேண்டும். தொப்புள்கொடியை அயோடினில் முக்க வேண்டும். மடியைக் கழுவித் துடைத்து, சுத்தமான பாத்திரத்தில் கறக்க வேண்டும். தாயோடு விட்டால் கன்று தானே போதிய அளவு குடித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பாட்டிலில் அளந்து கொடுத்தால்தான் எவ்வளவு போனது என்று தெரியும். ரோட்டா, கொரோனா, ஈ.கோலை ஆகியவற்றுக்கான தடுப்பூசியைச் சினையின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போட்டால் அந்த எதிர்ப்பு சீம்பால் வழியே கன்றுக்கு வரும். முதல் வாரத்துக்குள் கன்றின் இரத்தத் திரவத்தில் மொத்தப் புரதம் 100 மில்லிலிட்டருக்கு 5.2 கிராமுக்குக் குறைந்தால் சீம்பால் ஊட்டியதில் குறை இருக்கிறது என்று பொருள். காளைக் கன்றானாலும் கிடாரியானாலும் இந்தக் கவனிப்பு ஒன்றே.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடக் கூடாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் நெடுநாளாக உண்டு. கொடி விழுவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் குடலின் வாசல் பாதி சாத்தியிருக்கும். கன்று முட்டி முட்டிக் குடிப்பதே கொடி விழவும் துணைசெய்கிறது. இந்த நம்பிக்கையைக் கைவிடுவதற்கு ஒரு காசு செலவில்லை.

சீம்பாலில் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது தமிழ் வீடுகளின் அழகான வழக்கம். மாடு ஈன்ற மகிழ்ச்சியை ஊர் பகிர்ந்துகொள்ளும் முறை அது. அந்த வழக்கம் நீடிக்கட்டும். ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் கன்றின் பங்கு கன்றுக்குப் போய்ச் சேரட்டும். மிஞ்சிய பாலை அதன் பிறகு அடுப்பில் ஏற்றலாம்.